மகளின் ஓடிபி மண்ணச்சநல்லூருக்குப் போனது

சென்ற ஆண்டு ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை காலை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது, எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் வந்து நின்றாள். "அம்மா, என் மெயில் திறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு மறந்துபோச்சு. நாலு தடவை ஓடிபி கேட்டும் பார்த்துட்டேன்" என்றாள்.

"இதுக்கா இப்படி முழிக்கிறே?" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனேன். திருச்சியில் ஒரு பள்ளியில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். இணையத்தில் ஜாக்கிரதையாக இருப்பது எப்படி என்று வருடா வருடம் பிரேயரில் மைக் பிடித்துப் பேசுகிறவளே நான்தான். அவளுடைய மெயிலையும் நான்தான் தொடங்கிக் கொடுத்தேன். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கான இடத்தை அழுத்தினேன். 47 என்று முடியும் எண்ணுக்கு ஓடிபி அனுப்பிவிட்டதாகத் திரை சொன்னது. எங்கள் வீட்டில் யாருடைய எண்ணும் அப்படி முடியாது. சற்றுக் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

நடந்தது இதுதான். மெயில் தொடங்கியபோது அவளுக்குப் பதினொரு வயது. உண்மையான வயதைப் போட்டதும், பெற்றோரின் கணக்கோடு இணைக்கச் சொல்லிப் பக்கம் பக்கமாக ஏதேதோ கேட்டது. எனக்கு அன்று பொறுமை இல்லை. பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டு அவளை ஒரே நொடியில் பெரிய பெண்ணாக்கிவிட்டேன். அதோடு நிற்காமல் ஒரு புத்திசாலித்தனமும் செய்தேன். என் வழக்கமான எண்ணைக் கொடுக்காமல் இரண்டாவது சிம்மின் எண்ணைக் கொடுத்தேன். அந்த மெயிலையும் அவளுடைய பாட்டு வகுப்பையும் தவிர அந்த எண் வேறு எங்கும் கிடையாது. இதைவிடப் பத்திரம் உண்டா என்று பெருமை வேறு. பிறகு புதுப் போன் வாங்கினேன். பழைய போன் அந்த சிம்மோடு பீரோவுக்குள் போனது. ரீசார்ஜ் செய்யாத எண்ணை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? வகுப்பில் பாடமே எடுத்திருக்கிறேன்.

அந்த எண் இப்போது யார் கையில் இருக்கிறதோ, அவர் மனது வைத்தால் என் மகளின் மெயிலுக்குள் போய்விடலாம். உள்ளே அவளுடைய பள்ளி அடையாள அட்டை இருக்கிறது, வீட்டு முகவரி இருக்கிறது, எந்த நாளில் எத்தனை மணிக்குப் பாட்டு வகுப்பு என்பது இருக்கிறது, இரண்டு வருடத்துப் படங்கள் இருக்கின்றன. சோற்றை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.

"உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் சொல்லுங்க. என் பொண்ணோட மெயில்..."

"காலையிலேர்ந்து வந்துக்கிட்டே இருக்கு. நீங்கதானா அது? வேற ஆளைப் பாருங்க" என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் மணியே போகவில்லை. என்னை பிளாக் செய்துவிட்டார்.

மோசடிக்காரர்கள் என்ன சொல்லிக் கேட்பார்களோ, ஒரு வார்த்தை மாறாமல் அதைத்தான் நான் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் வெட்கத்துக்கு எங்கே இடம்? பயம்தான் இருந்தது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலையில் இருந்த கணவரைக் கூப்பிட்டேன். "நான் வர்ற வரைக்கும் எதுவும் செய்யாதே" என்றார். மகளோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மதியம் வரை கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு அந்தப் பெண்ணே கூப்பிட்டார். "பொண்ணுன்னு சொன்னீங்களே, அதான் மனசு கேக்கலை. மண்ணச்சநல்லூர்ல ரைஸ் மில்லுல வேலை பார்க்கிறேன். அஞ்சு மணிக்கு வெளியில வருவேன். அந்தப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு நேர்ல வாங்க. போன்ல யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிடும் இடத்துக்கு மகளை அழைத்துப் போவதா? இதுவே ஒரு வலையாக இருந்தால்? போகாமல் இருக்கவும் முடியவில்லை. கணவருக்கு இடத்தைச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். கொள்ளிடம் பாலத்தில் தண்ணீர் பார்க்க வந்த கூட்டம். வண்டி ஊர்ந்துதான் போனது. அங்கே வைத்துத்தான் பின்னாலிருந்து அவள் சொன்னாள்.

"அம்மா, பாஸ்வேர்டை நான்தான் மாத்தினேன். நீ என் மெயிலையெல்லாம் படிக்கிறேன்னு எனக்குத் தெரியும். புதுசை எங்க எழுதி வெச்சாலும் எடுத்துடுவேன்னு எழுதலை. அதான் மறந்துபோச்சு."

படித்தேன்தான். அவளுடைய தோழி அப்பா அம்மா சண்டையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, சாப்பிடும்போது தெரியாத்தனமாக அதைப் பற்றிக் கேட்டும் இருக்கிறேன். அன்று அவள் பாதித் தோசையோடு எழுந்து போனாள். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. உன் நல்லதுக்குத்தானே என்று கத்த வாய் வரை வந்துவிட்டது. கத்தியிருப்பேன், பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துத் தொலைத்தார்.

மில் வாசலில் அவர் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். புருவமெல்லாம் தவிட்டுத் தூசி. நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க" என்றார். பிறகு மகளிடம், "பாப்பா, இவங்க உங்க அம்மாதானா? நீயாத்தான் வந்தியா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். "என் பேர்ல இருக்கிற மெயில்தான் ஆன்ட்டி" என்றாள். அதன் பிறகும் போனை என்னிடம் தரவில்லை. மறுபடி ஓடிபி வரவழைத்ததும் அவளிடம் மட்டும் காட்டினார். நான் எட்டிப் பார்த்தபோது கையால் திரையை மறைத்தார்! பத்தடி தள்ளி, சொந்த மகளின் ஓடிபியைப் பார்க்க உரிமையில்லாமல் நின்றேன். அவளே புது பாஸ்வேர்டு போட்டாள். அங்கேயே எண்ணையும் மாற்றினோம். உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நன்றி சொன்னேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு, "பாட்டு கிளாஸ் போறது நீதானே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இந்த நம்பரை வாங்கின புதுசுல ஒரு மெசேஜ் வந்துச்சுங்க. 'உங்கள் மகள் இன்று வகுப்புக்கு வரவில்லை'ன்னு. அன்னிக்கு எனக்கு வேலையே ஓடலை. யார் பெத்த பொண்ணோ, கிளாசுக்குன்னு கிளம்பி எங்க போச்சோன்னு. பெத்தவங்களுக்கு இது தெரியாதேன்னு அந்தப் பாட்டு கிளாசுக்கே போன் போட்டேன். ஜுரம்னு வீட்டிலதான் இருக்குன்னு கூடப் படிக்கிற பிள்ளைங்ககிட்ட விசாரிச்சுச் சொன்னாங்க. அப்புறந்தான் சோறு இறங்குச்சு."

வகுப்பில் புது எண்ணைக் கொடுக்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அவளுக்கு ஜுரம் வந்த அன்று நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு கவலையும் இல்லாமல் இருந்தேன். எனக்குச் சேர வேண்டிய கவலையை மண்ணச்சநல்லூரில் ஒருவர் பட்டிருக்கிறார். காலையிலிருந்து அவரைத்தான் திருடி என்று நினைத்து நடுங்கினேன். "அக்கா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு மில் வாசலிலேயே அழுதேன். மகளுக்கு ஒரே சங்கடம்.

மறுநாள் இருவரும் உட்கார்ந்து பிறந்த வருடத்தை உள்ளபடி திருத்தினோம். பாஸ்வேர்டு அவளுடையது. தெரியாதவர்களிடமிருந்து மெயில் வந்தால் அவளே கூப்பிட்டுக் காட்ட வேண்டும். அவள் கூப்பிடாமல் நான் பார்ப்பதில்லை. கை துறுதுறுக்காத நாள் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் யாருக்கோ போக வேண்டிய மெசேஜ் என் போனுக்கு வந்தால், முன்பு போலப் படிக்காமல் அழிக்க எனக்குக் கை வருவதில்லை. அதில் யாருடைய பிள்ளையாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அழிக்கிறேன்.