பிலோமினா அக்காவின் கறுப்புப் பட்டி

பிலோமினா அக்காவின் அண்ணன் கடைக்குள் வந்தபோது நான் யாரோ ஒருவருடைய சத்தியக் கடதாசியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். எங்கள் கடைக்குள் யாரும் செருப்புக் கழற்றுவதில்லை. "அவட மூக்குக் கண்ணாடி மேசை லாச்சிக்குள்ள கிடக்கு எண்டு நேற்றுச் சொன்னவ. எடுத்துத் தாங்க, பெட்டிக்குள்ள வைக்க வேணும்" என்றார். எந்தப் பெட்டி என்று கேட்கத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். முதலாளி காசிம் காக்கா கதிரையை விட்டு எழும்பி நின்றார். முதல் நாள்தான் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்திருந்தோம். விரைவில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். விடியப்புறம் அக்காவின் நெஞ்சு நின்றுவிட்டதாம்.

அவரைத் தெரியாதவர்கள் இந்த வாவிக்கரையில் குறைவு. அரசாங்க அதிபரின் கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தவர்கள் எல்லோரும் ஒருநாளாவது எங்கள் கடைப் படியேறி அவரிடம் ஏச்சு வாங்கியிருப்பார்கள். காணி உறுதியை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. "வெத்திலையும் உறுதியும் ஒரே மடியிலயா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார். ஏசின வாயாலேயே இருக்கச் சொல்லி, தேத்தண்ணியும் எடுப்பித்துக் கொடுப்பார். அந்தத் தேத்தண்ணிக்குக் காசிம் காக்கா முகம் சுளிப்பதைக் கண்டும் காணாதவர்போல இருப்பார்.

ஏறாவூர்க் காசிம் காக்கா அந்தக் கடையைத் தொடங்கியபோது அதில் இருந்தது ஒரு தட்டச்சு இயந்திரமும் நானும்தான். உறுதி, பிறப்புப் பத்திரம், எதுவானாலும் பார்த்துப் பார்த்துத் தட்டி, அடியில் 'உண்மைப் பிரதி' என்று போட்டுக் கொடுப்பேன். பிறகு கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்த போட்டோக்கொப்பி மெசின் ஒன்றை அவர் லொறியில் கொண்டுவந்து இறக்கினார். அதை இயக்குவதற்கென்று தன்னாமுனையிலிருந்து பிலோமினா அக்கா வந்தார். என் சோற்றில் மண் விழுந்தது என்றே நினைத்தேன். கொஞ்ச நாள் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு மத்தியானம் சோற்றுப் பார்சலை அவிழ்த்தபடியே, "உங்கட மெசின் கோழி மாதிரிக் கொத்துது, என்ட மெசின் மாடு மாதிரி மெல்லுது. ரெண்டும் ஒரு வளவுக்குள்ள கிடக்கட்டுமே புள்ள" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எப்படிக் கோபத்தைக் காப்பது?

அவருடைய பெரிய குணமும் பெரிய குறையும் சுத்தம்தான். தன்னாமுனையில் கோயில் திருநாள் வருகிறதென்றால் அவர் வீட்டில் கழுவாத பொருள் ஒன்றும் மிஞ்சக் கூடாது. உரல் உலக்கை முதற்கொண்டு முற்றத்தில் கவிழ்ந்து கிடக்கும். ஒரு வருசம் கடை மெசினையும் அவர் விடவில்லை. மெசினுக்குள்ளே ஓர் உருளை சுழலும். கறுப்புத் தூள் அதில் ஒட்டி, அதிலிருந்து தாளுக்கு மாறும். தாளுக்குப் போகாமல் உருளையில் மிஞ்சுகிற தூளை வழித்தெடுக்க மெல்லிய ரப்பர் தகடு ஒன்று அதன்மேல் உரசிக்கொண்டே இருக்கும். அக்கா அந்த ரப்பரை ஸ்பிரிட் தோய்த்த துணியால் ஒரு பொட்டுத் தூள் இல்லாமல் துடைத்தார். உருளையையும் பஞ்சால் ஒற்றி மினுக்கினார். திருநாள் முடிந்து வந்து பொத்தானை அமத்தியதும் மெசின் கீச்சென்று கத்தியது. ரப்பர் உள்ளுக்கு மடிந்து ஓரம் கிழிந்து போயிற்று. வந்த தாளில் எழுத்தைவிடக் கரிக்கோடுதான் கூட இருந்தது.

கொழும்பிலிருந்து மெக்கானிக் வந்தார். அவர் சிங்களத்தில் சொன்னதைக் காசிம் காக்கா தமிழில் சொன்னார். வழிக்க வேண்டிய அந்தத் தூள்தான் ரப்பருக்கு எண்ணெயாம். வேறு எண்ணெயோ கிரீசோ பட்டால் உருளை பழுதாகிவிடும். ஓரத்தில் மெலிதாகத் தூள் இருந்தால்தான் ரப்பர் வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த ரப்பர் உருளையைப் பிடித்துக்கொண்டு தானும் மடிந்துவிடும். வெள்ளை கூடிய தாள்களையே தொடர்ந்து எடுத்தாலும் இதே கதிதான் என்றார். புது ரப்பரின் ஓரத்தில் தூளைத் தடவி, உருளையைக் கையால் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் மெசினை மூடினார். அக்கா வெட்கப்படவில்லை. அந்த மனிதர் பசியில் கதிரை தேடும்வரை கேள்வி கேட்டுக்கொண்டே நின்றார். அன்று பின்னேரமே தன் பிழையைத் தானே பகிடியாக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டார். "மா தூவாத கேரம் போட்டில காய் ஓடுமா? நான் கழுவின கழுவலில மெசினுக்குத் தோலே உரிஞ்சு போச்சு."

அதன் பிறகு, ரப்பருக்குத் தூள் கிடைக்கட்டும் என்று இடைக்கிடை மூடியைத் திறந்தபடி விட்டு, ஒன்றும் வைக்காமல் முழுக் கறுப்பாக ஒரு தாள் எடுப்பது அவர் வழக்கமாயிற்று. அதைக் காணும்போதெல்லாம் காசிம் காக்காவுக்கு வயிறு எரியும். ஒன்றுமில்லாததற்கு யாராவது கொப்பி எடுப்பார்களா என்று கேட்பார். மாட்டுக்கும் வைக்கோல் போட்டால்தானே வண்டி இழுக்கும் என்று அக்கா திருப்பிக் கேட்பார். இந்த வழக்கு ஒவ்வொரு நாளும் நடக்கும், ஒரு நாளும் தீர்ப்பு வராது.

பிறகு சூறாவளி வந்தது. அதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அந்த இரவு யார் யார் எங்கே கிடந்தோம் என்று நமக்கெல்லாம் தெரியும். கடைக் கூரையின் தகரங்கள் போய்விட்டன. மெசின் தப்பியது, ஏனென்றால் காற்றின் போக்குச் சரியில்லை என்று அக்கா பின்னேரமே அதைப் படங்குத் துணியால் போர்த்து, கயிற்றால் சுற்றிக் கட்டிவிட்டுப் போயிருந்தார். தன்னாமுனையில் அவருடைய வீட்டுக் கூரையைக் கட்ட யாரும் இருக்கவில்லை.

வெயில் எறித்ததும் சனம் நெல்லைக் காயப்போடுமுன் தாள்களைக் காயப்போட்டது. மதில்களிலும் பாய்களிலும் கல் வைத்துக் காயவிட்ட உறுதிகள், பரீட்சைச் சாட்டிபிக்கட்டுகள், விவாகப் பதிவுகள். காய்ந்தவை தொட்டால் நொறுங்கின. மை நாளுக்கு நாள் மங்கியது. எழுத்துக் கண்ணுக்குத் தெரியும்போதே பிரதி எடுத்து, சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் காணிக்காரனுக்குக் காணி இல்லை, படித்த பிள்ளைக்குப் படிப்பு இல்லை. என் தட்டச்சால் ஒரு பயனும் இல்லை. முத்திரையையும் கையெழுத்தையும் யாரால் தட்ட முடியும்? மின்சாரமும் இல்லை. காசிம் காக்கா மச்சானின் அரிசி ஆலையில் இருந்த ஜெனரேட்டரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த மனிதரைக் கஞ்சன் என்று அதுவரை சொன்னதையெல்லாம் அன்றே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

மங்கிய தாளில் கறுப்புக் குறைவு. அப்படிப்பட்ட தாள்களையே காலை முதல் எடுத்ததில் ரப்பர் முனகத் தொடங்கியது. கடையில் இருந்தது அந்த ஒரே ரப்பர். தூளும் கடைசிப் போத்தல். கொழும்புப் பாதை நெடுக மரங்கள் விழுந்து கிடந்தன. அக்கா கறுப்புத் தாள் எடுக்க மூடியைத் திறந்தார். காசிம் காக்கா வந்து மூடியில் கை வைத்தார்.

"இந்தத் தூள் போனா இன்னொரு தூள் இல்ல தங்கச்சி. நீங்க எடுக்கிற ஒரு கறுப்பு, எத்தின பேர்ட சாட்டிபிக்கட்?"

"ரப்பர் மடிஞ்சா ஒருத்தருக்கும் இல்ல, காக்கா."

இரண்டு பேரும் சொன்னது நியாயம். அதுதான் கஷ்டம். வாசலில் வரிசை தெருவரைக்கும் நின்றது. அக்கா மெசினை நிறுத்திவிட்டு, வாசற்படியில் போய்க் குந்தினார். தெருவோரக் குப்பையில் காற்று முறித்துப் போட்ட குடைகள் கிடந்தன. ஒன்றை இழுத்தெடுத்து, அதன் கறுப்புத் துணியைக் கத்தரித்து, மட்டையில் ஒட்டி, விரல் அகலத்தில் ஒரு பட்டி செய்தார். மெசின் கண்ணாடியில் தாளை வைத்து, அதன் கீழோரத்தில் அந்தப் பட்டியைக் குறுக்கே வைத்தார். கொப்பி வந்தது. மேலே மங்கலான எழுத்து, அடியில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரு கறுப்புக் கோடு. ஒவ்வொரு தாளுடனும் ரப்பரின் முழு நீளத்துக்கும் கொஞ்சம் தூள் கிடைத்தது, முழுத் தாளும் வீணாகவில்லை. சில தாள்கள் எடுப்பதற்குள் முனகல் நின்றது. காசிம் காக்கா மறுபடி மூடியில் கை வைக்க வரவில்லை.

ஆனால் சனம் அந்தத் தாளை வாங்கத் தயங்கியது. கறுப்புக் கோடு போட்ட தாள் என்றால் நமக்குத் தெரிந்தது மரண அறிவித்தல் ஒன்றுதானே. சிலர் முணுமுணுத்துக்கொண்டு வாங்கினார்கள். தேற்றாத்தீவிலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தாய், தாளைக் கண்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மகளுக்கு ஆசிரியர் கலாசாலையில் நேர்முகப் பரீட்சை நெருங்கிவிட்டது. சாட்டிபிக்கட்டின் மூலத்தாள் மகளின் கையிலேயே ஓரம் உதிர்ந்துகொண்டிருந்தது. இருந்தும் அந்தத் தாய் வேண்டாம் என்றார். "காத்து எங்கட வீட்டில ஒராளைக் கொண்டுபோட்டுது. இனி இந்தப் புள்ளைட தாளிலயும் சாவுக் கறுப்பா? எனக்கு ஒண்ணா" என்றார். அப்போதுதான் அவர் கழுத்தைப் பார்த்தேன். தாலி இல்லை.

அக்கா ஏசுவார் என்று நான் பயந்தேன். அவர் கத்தரிக்கோலை எடுத்துத் தாளின் பக்கத்தில் வைத்தார்.

"வெட்டச் சொன்னா வெட்டித் தாறன். மறுகா வெட்டுவம், முதல்ல ஒரு சொல்லுக் கேளுங்க. சாவுக் கறுப்பு நாலு பக்கமும் சுத்தி வரும். இது ஒரு பக்கம்தான். பச்சப் புள்ளைட கன்னத்தில நாவூறு படாம ஒரு பொட்டு வைப்பமே, அந்தக் கறுப்புத்தான் இது. இது இல்லாட்டி உங்கட மகள்ட எழுத்து வந்திராது."

அந்தத் தாய் கத்தரிக்கோலைத் தள்ளி வைத்துவிட்டு, தாளை எடுத்து மகளிடம் கொடுத்தார். பின்னால் நின்ற ஒரு கிழவர், தன்னுடைய தாளுக்கும் பொட்டு வைக்கச் சொல்லிக் கேட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. அத்தனை நாளுக்குப் பிறகு சனம் சிரித்ததை அங்கேதான் கேட்டேன். பாதை திறந்து கொழும்பிலிருந்து புது ரப்பரும் தூளும் வந்து சேரும்வரை, அந்த ஒரே ரப்பர் மடியவில்லை. வரிசையில் நின்ற ஒருவரும் வெறுங்கையோடு திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, உடம்பு வருத்தத்தைப் பற்றிக் கேட்டோம். மெசினை யார் பார்க்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். நான்தான் என்றேன். துடைக்கிறேன் பேர்வழி என்று ரப்பரை உரித்துவிட வேண்டாம் என்றார். காசிம் காக்கா, தானே பக்கத்தில் நின்று பார்ப்பதாகச் சொன்னார். "நீங்க நிண்டா இன்னும் மோசம் காக்கா" என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டு வந்தோம். அழாமல் வந்தது இப்போது வலிக்கிறது.

சேமக்காலையில் மண் போட்ட பிறகு, ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். தேற்றாத்தீவுத் தாய். கூடவே வெள்ளைச் சேலையில் அந்த மகள், கலாசாலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மூலச் சாட்டிபிக்கட் பெட்டிக்குள்ளேயே மாவாக உதிர்ந்துவிட்டதாம். இப்போது அவளுக்குச் சாட்டிபிக்கட் என்று இருப்பது அக்கா எடுத்துக் கொடுத்ததுதான்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது பயமில்லாமல் அந்த மெசின் முன்னால் நிற்கிற தைரியம். பிழை விட்டால் அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்பதையும் அவரிடம்தான் படித்தேன். மற்றதெல்லாம் உங்களிடம் இருக்கிறது. தேற்றாத்தீவிலிருந்து ஏறாவூர் வரைக்கும் உங்கள் வீட்டுப் பெட்டிகளில் அந்தத் தாள்கள் கிடக்கின்றன. அழகாக இல்லை என்று அடியில் இருக்கிற கறுப்புப் பட்டியை வெட்டிவிடாதீர்கள். அது இருந்ததால்தான் மேலே உங்கள் பெயர் இருக்கிறது.