முகம்மது பாவாவின் பச்சைப் புள்ளி

மேலப்பாளையத்தில் லுங்கிக் கடை வைத்திருந்த முகம்மது பாவா, 2024 மார்ச் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு மௌத்தானார். அவர் மனைவி ஆபிதா பீவி பேஸ்புக்கில் சேர்ந்தது அன்றிலிருந்து அறுபத்தோராம் நாள், மே இரண்டாம் தேதி, வியாழக்கிழமை. அவளுக்கு வயது ஐம்பத்தாறு. புருஷனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கும் இத்தாவில் இருந்தாள்.

காரணம், ஒரே மகன் உசாமா. அத்தை மகளைக் கட்டமாட்டேன் என்று 2019 அக்டோபரில் மஸ்கட்டுக்குக் கிளம்பியவனிடம், "என் மய்யித்தைப் பாக்கவும் நீ வரக்கூடாதுலே" என்று பாவா சொல்லி அனுப்பினார். அவன் போன் எண்ணை மாற்றினான். பேஸ்புக்கில் சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் எல்லோரையும் ப்ளாக் செய்தான். வாப்பா அடங்கிய சேதி அவனுக்குப் போகவில்லை. புதிதாக ஒருத்தர் கணக்குத் தொடங்கினால்தான் அவனை எட்ட முடியும்.

தொடங்கிக் கொடுக்க வந்தவள் பாவாவின் தங்கை முஃபீதா. அண்ணனை அவள் காக்கா என்பாள். உசாமா வேண்டாமென்றது அவள் மகளைத்தான்.

"எம்மவளை வேண்டாம்னவனை நானே தேடிப் பிடிக்கணுமாம். என் தலையெழுத்தைப் பாத்தீயளா மதினி" என்று சொல்லிக்கொண்டே பாவாவின் போனைத் திறந்தாள். "பேரு என்ன போட?"

"எம் பேருதான்."

"பொம்பளைப் பேரைப் போட்டா கண்ட பயலும் 'ஹாய்'ம்பான். நீங்க இத்தாவுல வேற இருக்கீய. காக்கா பேரையே போடுவோம்."

படம் கேட்டது. ஆபிதா முகத்தைக் காட்டமாட்டாள்.

"ரோசாப்பூ வைக்கட்டா?"

"பூவைப் பாத்து எம்மவனுக்கு என்னளா தெரியும்?"

கடைசியில், ஹஜ்ஜுக்கு மனுப் போட எடுத்த பாவாவின் படத்தை வைத்தார்கள். அந்தத் தெருவில் பாதிப் பெண்களின் கணக்குகள் புருஷன் பேரிலும் படத்திலும்தான் ஓடின. அதனால் இருவருக்குமே அதில் தப்புத் தெரியவில்லை. உசாமாவைத் தேடி நட்பு அழைப்பு அனுப்பியபோது மணி பத்தே முக்கால்.

முஃபீதா தன் வீட்டுச் சமையலைப் பார்க்கப் போனாள். ஆபிதா தனியே போனைக் கையில் எடுத்தாள். புருஷன் முகத்துக்குப் பக்கத்தில் எழுத்து வந்தது: 'உங்கள் மனதில் என்ன உள்ளது, முகம்மது?' முப்பத்திரண்டு வருஷம் ஒரே கூரைக்குள் இருந்தும் அவள் கேட்கத் துணியாத கேள்வி. போனைக் கவிழ்த்து வைத்தாள். அடுப்படிக்குப் போய்வந்து நிமிர்த்தினாள். அப்போதும் கேட்டுக்கொண்டே இருந்தது.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு முஃபீதா சிரிப்பை அடக்கமுடியாமல் வந்தாள்.

"காக்கா நம்பர் இருந்ததால ரொட்டிக்கடைக்காரர் போனுல காக்கா படம் வந்துச்சாம், பக்கத்துல பச்சைப் புள்ளி எரியுதாம். 'மண்ணு அள்ளிப் போட்டதே நான்தானவே, இவரு எப்படி முழிச்சிருக்காரு'ன்னு போனைத் தூக்கிக் கல்லாப்பெட்டிக்குள்ள போட்டுட்டாராம்."

ஆபிதா சிரிக்கவில்லை. "முழிச்சிருக்காவன்னா சொன்னாரு?"

"ஏன் மதினி அப்படிப் பாக்கீய? போன் தொறந்திருந்தா அந்தப் புள்ளி எரியும், அம்புட்டுதான்."

மூன்று ஐந்துக்கு உசாமா அழைப்பை ஏற்றான். மூன்று ஒன்பதுக்குச் செய்தி வந்தது. முஃபீதா வாசித்தாள்.

'வாப்பா, நீங்களா கூப்பிட்டீங்க? என்னை மன்னிச்சிட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க, லீவு போட்டு வாரேன்.'

 முஃபீதா அவசரப்பட்டாள்.

"மன்னிச்சிட்டேன்னு போட்டுருதேன். வரட்டும். வந்தப்புறம் பைய சொல்லிக்கிடலாம்."

ஆபிதாவுக்கும் மகன் வந்தால் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் மௌத்தாகிற அன்று காலைகூட, உசாமா பேரை எடுத்ததும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த மனுஷன் அவர். அந்த மனுஷன் வாயில் தான் ஒரு வார்த்தையை வைத்தால், அவர் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டிருப்பார் என்று பட்டது.

"வேண்டாம். நான் பேசுதேன்" என்று குரல் பதிவை அழுத்தச் சொன்னாள். "உசாமா, உம்மா பேசுதேன். வாப்பா மௌத்தாயிட்டாவ மவனே. ரெண்டு மாசம் ஆச்சு. இந்தப் படம் நாங்க வச்சது. நீ வா."

பதில் மூன்று இருபத்திரண்டுக்கு வந்தது.

'வாப்பா, உம்மாவை மிரட்டிப் பொய் சொல்ல வைக்காதீங்க. மய்யித்துக்கும் வராதேன்னு சொன்னவர் இப்ப மய்யித்தாயிட்டேன்னு காட்டி, வாரேனா இல்லையான்னு பாக்கீங்களா? நீங்க அங்கன உக்காந்திருக்கது எனக்குத் தெரியும். இந்தக் கணக்கையும் ப்ளாக் பண்ணுதேன்.'

"ஐயோ, ப்ளாக் பண்ணிருவான்" என்று முஃபீதா பதறினாள். "வீடியோ கால் போடுங்க மதினி! பெத்த பிள்ளைக்கு முகம் காட்ட இத்தா தடுக்காது."

மணி அடித்தது. ஒன்பது முறை அடித்த பிறகு உசாமா எடுத்தான். தாடி வைத்திருந்தான். கோபமாக எதையோ சொல்ல வாயைத் திறந்தவன் நிறுத்தினான். உம்மா வெள்ளைச் சேலையில் இருந்தாள். காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை.

"எப்ப உம்மா?"

"மார்ச் மூணு. ஞாயித்துக்கிழமை."

 அவன், "வாப்பா என்னைக் கேட்டாவளா?" என்றான்.

ஆபிதா முஃபீதாவைப் பார்த்தாள். முஃபீதா தலையை ஆட்டி, 'ஆமான்னு சொல்லுங்க' என்று வாயசைத்தாள்.

"இல்ல மவனே" என்றாள் ஆபிதா. "நான்தான் கேட்டேன். தினமும்."

அவன் தலை குனிந்து அழுதான். ஜூன் ஏழுக்கு டிக்கெட் எடுத்தான். அதுவரை நாள் தவறாமல் அந்தக் கணக்குக்கே கூப்பிட்டான். மஸ்கட்டில் அவன் கையில் ஒவ்வொரு முறையும் முதலில் தெரிந்தது வாப்பாவின் முகம்தான். அதை மாற்றட்டுமா என்று முஃபீதா இரண்டு தடவை கேட்டாள். மாற்றவேண்டாம் என்று இரண்டு தடவையும் சொன்னவன் உசாமா.