வெள்ளிக்கிழமை வரை மூடியிருந்த ஏர்கோன்

பூசை போடுவதற்கு முன் காரில் பூட்டிய புது ஏர்கோனைத் திறந்தால், காடி கோபித்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிடும் என்று நம்பியவன் நான். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். இதே பழைய காடியை வாங்கிய அன்று பூசை போடாமல் ஓட்டிவந்து, சிம்பாங் அம்பாட் முச்சந்தியில் நின்றுபோய், பின்னால் வந்த லாரிக்காரர்கள் அத்தனை பேரிடமும் திட்டு வாங்கியவனும் நான்தான். அந்தப் பயம் இறங்கவே இல்லை.

ஏர்கோன் என் மனைவிக்காக. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் மலாக்காவில் அவளுக்கு டயாலிசிஸ். திரும்பும்போது துவண்டு கிடப்பாள். மதிய வெயில், முன்னால் செம்பனைக் குலை லாரி. கண்ணாடியை இறக்கினால் புகை, ஏற்றினால் அடுப்பு.

"ஒரு நாளாவது ஜில்லுன்னு வீட்டுக்கு வரணுங்க" என்றாள். எதையும் கேட்காதவள்.

அலோர் காஜாவில் ஒரு வொர்க்‌ஷாப்பில் புதன்கிழமை பூட்டி முடித்தார்கள். சோதித்துப் பார்க்க மெக்கானிக் பொத்தானை அமுக்கியதும் நான் வெளியே குதித்தேன்.

"என்னண்ணே, உள்ள பாம்பா?"

"பூச போடலப்பா! மூடு, மூடு!"

"டெஸ்ட்தான்லா. இதுக்கெல்லாம் சாமி கோவிச்சுக்காது."

மறுநாள் டயாலிசிஸ் முடிந்து முன் சீட்டில் சாய்ந்தவள், புதுப் பொத்தானைத் தடவினாள்.

"தொறக்கவா?"

"நாளைக்கு வெள்ளிக்கிழம, கோயில்ல பூச. சனிக்கிழமைக்கு ஸ்வெட்டர் எடுத்து வச்சுக்கோ. நடுங்கப் போற பாரு."

"சாமிக்கு வேர்க்காது. எனக்கு வேர்க்குது."

நல்ல பதில் என்று ரசித்துச் சிரித்தேன். திறக்கவில்லை. ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடுவரை வந்தாள். இரவு படுக்கப் போகும் முன், டயாலிசிஸ் பையில் ஸ்வெட்டரை மடித்து வைத்தாள்.

வெள்ளி காலை நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஐயர் ஏர்கோன் வாயிலும் குங்குமம் வைத்தார். திறந்தேன். குங்குமம் முழுவதும் என் முகத்தில். அந்தக் கோலத்தை அவளிடம் காட்டத் துடைக்காமலே வீட்டுக்கு ஓட்டினேன்.

வாசலில் பக்கத்து வீட்டு அக்கா நின்றிருந்தார்.

"எங்கப்பா போன? எத்தன வாட்டி போன் அடிக்கிறது! மூச்சு வாங்கி விழுந்துருச்சு. ஆம்புலன்ஸ்ல மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ட்டாங்க."

பூசைக்காகச் சத்தத்தை நிறுத்திய போன் சட்டைப் பையிலேயே இருந்தது. மலாக்காவரை நடுங்கிக்கொண்டே ஓட்டினேன். ஏர்கோனை மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வார்டில் எல்லாரும் என் சிவந்த முகத்தையே பார்த்தார்கள். அவள் மட்டும் கண் திறக்கவில்லை.

காடி வழியில் எங்கும் நிற்கவில்லை. சனிக்கிழமை காலை அவள் இறந்துவிட்டாள். அந்த ஏர்கோன் காற்றில் அவள் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை.