பனிக்குள் ஒரு வாணவேடிக்கை

மழை மாதங்களில் எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் பூஞ்சை பூக்கும். செருப்பில், இடுப்பு வாரில், சாமி படத்தின் பின்புறத்தில். போன வாரம் அலமாரியைத் துடைத்தபோது பழைய கேமரா பை கையில் தட்டுப்பட்டது. ஜிப்பைத் திறந்ததும் ஈர வாசனை. அதற்கடியில், இத்தனை வருடம் கழித்தும், கொஞ்சம் கருமருந்து வாசனை. உடனே மூடிவிட்டேன். மூடியதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வீட்டில் யாராவது இருந்தால்தானே.

அந்தக் கேமராவைக் கோலாலம்பூரில் ஒரு பழைய சாமான் கடையில் என் கணவர் வாங்கி வந்தார். மலைமேல் எங்கள் ஊரான கோலா தெர்லாவிலிருந்து கோஸும் கீரையும் ஏற்றிக்கொண்டு இரவில் மலையிறங்கும் லோரி அவருடையது. நான் பகலில் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பேன். பொழுது சாய்ந்தால் பனி இறங்கிவிடும். அப்புறம் நானும் மகள் கவிதாவும் நாலு சுவரும்தான். வண்டி ஓட்டத் தெரியாதவளுக்கு மலை என்பது கொஞ்சம் பெரிய அறை, அவ்வளவே. கேமரா வந்ததும் அந்த அறைக்கு ஒரு சன்னல் கிடைத்த மாதிரி இருந்தது. முதலில் பூனையை எடுத்தேன், பிறகு கவிதாவை, பிறகு மறுபடியும் பூனையை. பூனைக்கே சலித்துப் போயிற்று.

அப்புறம்தான் வாணவேடிக்கைப் பைத்தியம் பிடித்தது. சீனப் பெருநாள் வந்தால் பள்ளத்தாக்கில் தவுக்கேகளுக்குள், அதாவது காய்கறிப் பண்ணைச் சீன முதலாளிகளுக்குள், போட்டி. ஒருவர் ஒரு பெட்டி வாணம் விட்டால் எதிர்ப்பண்ணைக்காரர் இரண்டு விடுவார். தேயிலை மேட்டில் ஏறி நின்றால் எல்லாம் நம் கண்மட்டத்துக்கு வந்து வெடிக்கும். அண்ணாந்து பார்க்க வேண்டியதே இல்லை.

அதை எடுக்க ஒரு முறை உண்டு. கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்தபடியே விட வேண்டும். ஒரு வாணத்துக்கும் அடுத்த வாணத்துக்கும் நடுவில் கறுப்பு அட்டையால் லென்சை மறைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பொட்டு வெளிச்சமும் ஆகாது. ஒரு வருடம் கவிதா டார்ச்சை அடித்துவிட்டாள். நல்ல படம் ஒன்றில் பாதி வானம் வெளுத்து, மூலையில் அவள் செருப்பு பளிச்சென்று விழுந்திருந்தது. வீடு வரும்வரை திட்டினேன். "அம்மா சொல்ற வரைக்கும் லைட் அடிக்கவே கூடாது. என்னா ஆனாலும் சரி." நானே வகுத்த சட்டம்.

அடுத்த வருடம் கவிதாவுக்கு ஒன்பது வயது. என் கொழுந்தன் சேகர்தான் பிக்கப் வண்டியில் எங்களை மேட்டுக்குக் கூட்டிப் போனான்.

"அண்ணி, தவுக்கே லட்சமா கொளுத்துறாரு, நீங்க ஓசியில புடிச்சு வச்சிக்கிறீங்க. நல்ல யாவாரம்லா."

"நீ வாயை மூடிக்கிட்டு வண்டியில உக்காரு. சிகரெட்டும் பத்த வைக்காத, வெளிச்சம் விழும்."

"சாமி கும்பிடக்கூட இம்புட்டு சட்டம் இல்ல."

அவன் சாலையிலேயே வண்டிக்குள் முடங்கிக்கொண்டான். நாங்கள் ஒரு நிரைக்குள் இறங்கி நின்றோம். தேயிலை நிரைகளை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள், பச்சைப் பாய் விரித்த மாதிரி. உள்ளே நின்றால் அது பாய் இல்லை, வேலி. இரண்டு நிரைகளுக்கு நடுவில் ஒரு ஆள் நடக்கலாம். குறுக்கே தாண்ட முடியாது. இடுப்பளவுச் செடிகள், அடியில் பின்னிக் கிடக்கும் கட்டைக் கிளைகள். மேட்டின் கீழ் விளிம்பை, கீழே வளைந்து போகும் சாலைக்காக நெட்டுக்குத்தாக வெட்டியிருந்தார்கள். பார்த்து நடக்காதவருக்கு அங்கே தரை முடிந்துவிடும்.

ஏழெட்டுப் படம் எடுத்திருப்பேன். தூறல் விழ ஆரம்பித்தது. "சித்தப்பாகிட்ட பிளாஸ்டிக் பை வாங்கிட்டு வா" என்று கவிதாவை அனுப்பினேன். பத்தடி தூரம்தான். அட்டையைத் தூக்கினேன், ஷட்டரைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் பனி பள்ளத்திலிருந்து எழுந்து வந்தது.

சேகர் வந்துதான் என் தோளைத் தொட்டான். "அண்ணி, போதும், போலாம். பிள்ளைக்குக் குளிரும்."

"பிள்ளை உன்கிட்டதானே வந்துச்சு?"

"என்கிட்டயா? இல்லையே."

எதிர்ப்பண்ணையில் கடைசிப் பெட்டிகளை எல்லாம் ஒன்றாகக் கொளுத்தியிருக்க வேண்டும். பனி முழுக்கச் சிவந்தது, பச்சையானது, மறுபடி சிவந்தது. வாணம் ஒன்றும் தெரியவில்லை. மேல் எது, பள்ளம் எது என்றும் தெரியவில்லை. கவிதா என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சேகர் வண்டிக்கு ஓடி ஹாரனை அழுத்தினான். அதுவும் வெடிச்சத்தத்தோடு கரைந்தது. நான் என் டார்ச்சை அடித்தேன், வெள்ளைச் சுவர்தான் எழுந்தது. நிரையில் கீழே ஓடினேன். விளிம்பு நினைவுக்கு வந்து நின்றேன். அடுத்த நிரைக்குத் தாண்டப் பார்த்து, செடிக்குள் இடுப்புவரை மாட்டிக்கொண்டேன். முன்னே போக முடியவில்லை, பின்னேயும் முடியவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் உலகம் நிறம் மாறியது. எந்த நிறத்திலும் என் பிள்ளை இல்லை. எங்கோ ஒரு சின்ன வெளிச்சம் தெரியாதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையிலும் ஒரு டார்ச் இருந்ததே.

வெடி ஓய்ந்தது. காதுக்குள் ரீங்காரம். அதற்குள்ளிருந்து, இரண்டு நிரை தள்ளி, மெதுவாக ஒரு குரல்.

"அம்மா, முடிஞ்சுதா? இப்ப லைட் அடிக்கலாமா?"

தப்பான நிரையில் இறங்கி வழுக்கி விழுந்திருக்கிறாள். கால் செடிக் கட்டைகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. கூப்பிட்டிருக்கிறாள், சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. டார்ச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டடி கீழே விளிம்பு.

சேகர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் அவன் ஒரு கேலியும் செய்யவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

மறுநாள் கவிதா, "அம்மா, தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டாள். அவள் எப்போதுமே அப்படித்தான் கேட்பாள். அன்றுதான் என் காதில் விழுந்தது. "கேக்காதடி, போய்க் குடி" என்றேன். அதற்கப்புறம் பல வருடங்கள் என் பெரிய வேலை அதுவாகத்தான் இருந்தது. கேக்காத. அம்மா சொன்னா உடனே செய்யணும்னு இல்ல. திருப்பிப் பேசு. மற்ற தாய்மார்கள் காதில் விழுந்திருந்தால் பைத்தியம் என்று என்னைக் கிளினிக்கிலேயே படுக்க வைத்திருப்பார்கள்.

அந்த மேட்டில் இப்போது தேயிலை இல்லை. சாமந்தி வளர்க்கும் பிளாஸ்டிக் கொட்டகைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. செடி சீக்கிரம் பூத்துவிடாமல் இருக்க இரவிலும் விளக்கு எரிய விடுகிறார்கள். அங்கே இனி யாரும் இருட்டில் தொலைய முடியாது. அப்படியும் எனக்கு அந்தப் பக்கம் போகப் பிடிப்பதில்லை.

கவிதா இப்போது கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். வேலைக்கு மனுப் போட்டதும் அறை பார்த்ததும் எனக்குப் பிறகுதான் தெரியும். போன பெருநாள் விடுமுறைக்கு வந்தவள், இரண்டாம் நாளே பையைக் கட்டிவிட்டாள்.

"இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்."

"முடியாதும்மா. டிக்கெட் போட்டுட்டேன்."

பஸ் திரும்பி மறையும்வரை நின்றேன். எதையும் கேட்டுச் செய்யும் அந்தப் பெண் இந்த மலையில் இப்போது இல்லை. அவளை நானே கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி வைத்தேன். நல்லதுதான் செய்தேன் என்று வீடுவரை சொல்லிக்கொண்டே நடந்தேன்.