வேஷம் கட்டாமல் சொன்ன கதை

என் மகளுக்குப் பல் முளைக்கத் தொடங்கியிருந்த காலத்தில் நான் சனிக்கிழமைகளில் பண்டாரவளைக்குப் போய்வந்தேன். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. வன்னிக்குப் பஸ் ஓடியது. முன்பொரு காலத்தில் கலவரத்துக்குப் பயந்து தோட்டங்களை விட்டு வன்னியில் போய்க் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் ஊவா மலைத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். சிறு வயதில் ஆயுதம் தூக்கிய இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, பிறகு விடப்பட்ட பிள்ளைகள். பெற்றோர் அங்கேயே இருக்க, இவர்கள் மட்டும் பெரியம்மா வீடு, மாமா வீடு என்று தோட்டத்து லயங்களின் ஒற்றை அறைக் காம்பிராக்களில் ஒதுங்கியிருந்தார்கள்.

அவர்களுக்காக மட்டக்களப்பிலிருந்து நாடகம் பழக்கும் ஒருவர் வந்தார். வந்த பிள்ளைகளை மட்டும் கூட்டினால் ஊர் அடையாளம் கண்டுவிடும் என்பதற்காக, எங்களைப் போன்ற தோட்டப் பாடசாலை ஆசிரியைகளையும் சேர்த்துக்கொண்டார். கைக்குழந்தை இருக்கிறதே என்று தயங்கினேன். "ஏணைய அங்கேயே கட்டுங்க," என்றார். மண்டபத்து ஜன்னல் கம்பியில் சேலையைக் கட்டி மகளைக் கிடத்திவிட்டு வட்டத்தில் போய் உட்காருவேன். அவள் சிணுங்கினால் எழும்புவேன். எழும்பினால் மற்றவர்களுக்குக் குழப்பமோ என்று திரும்ப உட்காருவேன்.

அவருடைய முறை எளிமையானது. இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றை மற்றவரிடம் சொல்ல வேண்டும். கேட்டவர் வட்டத்தின் நடுவில் நின்று அதை 'நான்' என்று தன் கதையாகவே சொல்ல வேண்டும். யாருடையது என்று யாரும் கேட்கக் கூடாது. சொன்னவள் வட்டத்தில் உட்கார்ந்து, தனக்கு நடந்ததை இன்னொருத்தியின் வாயிலிருந்து கேட்பாள்.

எனக்கு ஜோடியாக வந்தவள் எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான். பதினெட்டு வயது இருக்கும். கொழுந்தெடுக்கும் பெரியம்மாவோடு கீழ் லயத்தில் இருந்தாள். வன்னியில் வளர்ந்ததால் வாய் திறந்தால் 'ஆமா'வுக்குப் பதில் 'ஓம்' என்று வந்துவிடும். அதனாலேயே தோட்டத்தில் யாரோடும் பேசமாட்டாள். கடையில்கூடச் சாமானை விரலால் காட்டித்தான் வாங்குவாள். பண்டாரவளைக்கு பஸ் மாறும் பெரகல சந்திக்கு நாங்கள் ஒரே பஸ்ஸில் போனாலும் தனித்தனியாகத்தான் ஏறுவோம்.

ஏணையை ஆட்டிக்கொண்டே அவள் என்னிடம் சொன்னாள். முகாமுக்குப் புதிதாகக் கொண்டுவரப்படும் சிறுமிகளின் தலைமுடியை வெட்டுவது அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அவளுக்கே அப்போது பதினைந்து வயது. ஒரு சிறுமி வெட்டிய பின்னலைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும்போது இதைத் திரும்ப ஒட்டலாமா அக்கா என்று கேட்டிருக்கிறாள். இவள் ஒட்டலாம் என்று சொல்லியிருக்கிறாள். சில மாதங்களில் அந்தச் சிறுமி செத்துப் போனாள்.

அந்தக் கதையை நான் வட்டத்தில் 'நான்' என்று சொன்னேன். முதல் முறை பாதியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் முறை சொல்லி முடித்தேன். அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது. வீட்டில் மகளைக் குளிப்பாட்டும்போது அந்தச் சின்னத் தலையைப் பிடித்தபடியே நின்றுவிடுவேன். கையில் கத்தரிக்கோல் இருப்பதுபோல விரல்கள் தாமாக அசையும். மாரியம்மன் கோயிலில் அவளுக்கு மொட்டை போட நாள் குறித்திருந்தோம். நான் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். காரணத்தைக் கணவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சனிக்கிழமைப் பயணம் நின்றுவிடும்.

பயிற்சியின் முடிவில் சில தோட்டங்களில் அந்தக் கதைகளை ஆட்களுக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்றார் நாடகக்காரர். எங்கள் தோட்டத்தை விட்டுவிடச் சொல்லிக் கேட்டேன். அதற்குள் தோட்டத் தலைவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். அந்தப் பிள்ளையிடம், வேறு கதை சொல்கிறேனே என்றேன்.

"இல்ல டீச்சர். அதையே சொல்லுங்கோ. ஆக்களுக்கு முன்னால சொன்னா எப்பிடி இருக்கும் எண்டு நான் பாக்கோணும்."

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பாய் விரித்தார்கள். தராசுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்த ஆண்கள் சும்மா இருக்கவில்லை.

"டீச்சருக்கு என்ன வேஷம்? ரதியா?"

"ரதின்னா எங்க தாத்தாவயில்ல கூப்பிடணும். அவருதான் மீசைய எடுத்துட்டு அழுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். காமன் கூத்தில் ரதியாக வருபவர் கொழுந்து மலையில் கவ்வாத்து வெட்டுகிறவர்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். முகத்தில் அரிதாரமும் தலையில் பொய்முடியும் இருந்தால் கூத்து. நானோ பாடசாலைக்குக் கட்டும் சேலையோடு, வெறும் முகத்தோடு நின்றேன். வேஷம் கூடவே கூடாது என்பது நாடகக்காரரின் பிடிவாதம். பண்டாரவளை மண்டபத்தில் அது சரியாக இருந்தது. மடுவத்தில் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வேஷம் கட்டாமல் ஒருத்தி எழுந்து நின்று 'நான்' என்று சொன்னால் அது அவளுடைய கதைதான். இங்கே வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

நான் சொல்லி முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு என் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை பின்னால் தூணோரம் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளே பேச்சு தொடங்கிவிட்டது. நான் ஆசிரியர் பயிற்சிக்கு என்று வெளியூரில் இருந்த காலத்தை ஆளாளுக்கு நினைவுபடுத்தி, அப்போதுதான் இயக்கத்தில் இருந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு தாய் தன் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பவில்லை. பதுளையில் எழுதுவினைஞராக இருந்த கணவருக்குக் காலை ரயிலில் வைத்தே செய்தி போயிற்று.

"அது உன் கதை இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடு," என்றார்.

"அப்ப யாரோடதுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். நமக்கு ஒரு பொம்பளப் புள்ள இருக்கு."

"அதுவும் ஒரு பொம்பளப் புள்ளதாங்க."

அவர் சொன்னது தவறில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், வன்னியிலிருந்து வந்தவர்கள் தோட்டத்தில் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிவிடுவார்கள். அதில் வயசுப் பிள்ளை ஒருத்திதான்.

வந்தவர்களில் இன்னொருவர் மேல் லயத்து அம்மா. அவருடைய மகளையும் அங்கே பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் திரும்பி வரவில்லை. மகள் எங்கே, இருக்கிறாளா இல்லையா என்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் மடுவத்துக்கு வந்திருந்ததை நான் கதையின் நடுவில்தான் கண்டேன். நிறுத்தியிருக்கலாமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அடுத்த ஞாயிறு பிற்பகலில் அவர் எங்கள் குவாட்டர்ஸ் வாசலுக்கு வந்தார். மடுவத்து நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கியிருந்த அந்தப் பிள்ளையும் அப்போது உள்ளே இருந்தாள். என் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே வாங்க என்றதற்கு அவர் வரவில்லை. சண்டைக்கு வந்த முகமாகவும் இல்லை.

"டீச்சர், எம்மக முடியையும் நீங்கதான் வெட்டினீங்களா?"

அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் தொடர்ந்து கேட்டார்.

"கோவத்துல கேக்கலங்க. அழுதாளா? அத மட்டும் சொல்லுங்க."

ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா? எதைச் சொன்னாலும் அவர் அதை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்வார். நான் அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பவே கூடாது என்று நினைத்தேன். திரும்பிவிட்டேனா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

அவள் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நிறையப் பிள்ளையள் அம்மா," என்றாள். வன்னிப் பேச்சை மறைக்கவேயில்லை. "எல்லாருக்கும் ரெட்டைப் பின்னல்தான். அழுத பிள்ளையளும் இருந்தவை, அழாத பிள்ளையளும் இருந்தவை. உங்கட மகள் ஆரெண்டு எனக்குத் தெரியேல்ல."

அந்த அம்மா அவளை வெகுநேரம் பார்த்தார். என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் நின்றேன். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கத்தி ஆட்களைக் கூட்டப் போகிறார் என்றும் நினைத்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"உக்காரும்மா," என்றார். "அடையாளம் சொல்றேன். ஞாபகம் வருதான்னு பாரு."

அவள் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் சொன்னார்: இடது புருவத்தில் ஒரு வெட்டு. இவள் யோசித்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாள். பேசும்போது மூக்கைச் சுருக்குவாள். இல்லை. கூச்சக்காரி, ஆனால் பாட்டென்றால் முன்னால் போய் நிற்பாள். இவள் கண்ணை மூடிக்கொண்டு நிறைய நேரம் இருந்தாள். இல்லை என்றாள். அவருக்குச் சொல்ல அடையாளங்கள் இருந்துகொண்டே இருந்தன. தேத்தண்ணி ஊற்றலாமா, அது இடையில் புகுவதாகிவிடுமா என்று தெரியாமல் நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன்.

எழும்பும்போது அவர் என்னிடம் சொன்னார்: "வெளிய யாரு கேட்டாலும் அது உங்க கதையாவே இருக்கட்டும் டீச்சர். நீங்க கிளாக்கரு பொஞ்சாதி, ஒங்கள ஒண்ணும் பண்ணமாட்டாங்க. இது வாழவேண்டிய புள்ள."

சரிங்க என்றேன். வேறென்ன சொல்வது? அவர் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பிள்ளை மேல் லயத்துக்குப் போய்வரத் தொடங்கினாள்.

பிறகு சண்டை திரும்ப வந்தது, முடிந்தும் போனது. அவளுக்குக் கல்யாணமாகி அதே தோட்டத்தில் இருக்கிறாள். என் மகள் இப்போது பாடசாலைக்குப் போகிறாள். போன வாரம் வந்து கேட்டாள்: "அம்மா, நீங்க சின்னப் புள்ளைங்க முடிய வெட்டினீங்களாமே?"

பிள்ளைகள் வீட்டில் கேட்டதை வெளியே சொல்வார்கள்; இல்லை என்றால், பிறகு யாருடையது என்ற கேள்வி அந்தப் பிள்ளையிடம் போய் நிற்கும். நான் ஆமாம் என்றேன். அவள் தன் சடையைத் தூக்கி முன்னால் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே ஒரு அடி பின்னால் போய் நின்றாள்.