சிமியோனின் முறைத் தண்ணீர்

சிமியோனுக்கு ஐம்பத்தெட்டு வயது. விடுமுறை என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டவர். வெங்காயத்துக்கு விடுமுறை கிடையாது. ஆகவே வெங்காயம் செய்கிறவருக்கும் கிடையாது என்பது அவர் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விலக்கு. அன்று மண்வெட்டியைத் தொடமாட்டார். கோயிலில் பாடகர் வரிசையின் கடைசியில் நின்று கட்டைக் குரலில் பாடுவார். பாடிக்கொண்டே யன்னலால் வானத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவரின் வீட்டுக்குத்தான் ஆவணி மாதம் பத்து நாள் தோட்ட விடுமுறைக்கு ஆட்கள் வந்தார்கள். ஒஸ்லோவில் இருக்கும் மனைவியின் தங்கை துஷாந்தினி, அவள் கணவன் றோய், நாலரை வயது மகள் மிரியம். போன வருடம் அங்கே ஒரு பண்ணையில் போய்த் தங்கி, ஆட்டுக்குத் தீன் வைத்து, வைக்கோலில் புரண்டுவிட்டு வந்தார்களாம். அன்றிலிருந்து பிள்ளைக்கு வேறு கதையே இல்லையாம்.

"அது ஆரோ ஒருத்தன்ரை தோட்டம், அத்தான். இது எங்கடை சொந்தத் தோட்டமெல்லே," என்றாள் துஷாந்தினி தொலைபேசியில்.

அந்த 'எங்கடை'க்குள் களை பிடுங்குவதும் அடங்குமா என்று கேட்க நினைத்தார் சிமியோன். கேட்கவில்லை. வந்த நாளிலிருந்து தினமும் கேட்க நினைத்தார், தினமும் கேட்கவில்லை. ஊரில் எல்லாரையும் குறை சொல்கிற மனிதர், முகத்துக்கு நேரே ஒருவருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை வந்து இறங்கினார்கள். சனிக்கிழமை காலை மிரியம் ஒரு பாத்தி வெங்காயத்தைப் பிடுங்கி, வளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்ப நட்டு வைத்தாள். தலைகீழாக. றோய் அதைப் படம் எடுத்து ஒஸ்லோவுக்கு அனுப்பினான்.

"அண்ணை, பாருங்கோ, பிள்ளைக்கு மண்ணிலை எவ்வளவு ஈடுபாடு."

"ஓம், ஓம். பாக்கிறன்," என்றார் சிமியோன், நாற்பத்து மூன்று வெங்காயங்களை நிமிர்த்திக்கொண்டு.

திங்கட்கிழமை கறிக்கென்று வளர்த்த சேவலுக்கு அவள் ஒரு பெயர் வைத்தாள். செவ்வாய்க்கிழமை வீட்டில் கத்தரிக்காய்க் கறி. எதற்கும் 'ஏன்' கேட்டாள். ஆடு ஏன் அசை போடுகிறது, மண் ஏன் சிவப்பு, பெரியப்பாவின் கால் ஏன் வெடித்திருக்கிறது. முதல் நாள் ஆறு கேள்விக்குப் பதில் சொன்னவர், மறுநாளிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே பதிலில் நின்றார்:

"எனக்கு வேலை கிடக்கு, பிள்ளை."

புதன்கிழமை அவருடைய முறை.

அந்தத் தோட்டக் கிணறு பங்குக் கிணறு. ஆறு பேருக்குப் பங்கு. ஒரு நாளில் இரண்டு பேர் இறைக்கலாம். ஆகவே ஒருவருடைய முறை மூன்று நாளைக்கு ஒருமுறை வரும். சிமியோனுக்குக் காலை ஆறிலிருந்து பத்து வரை. பத்துக்கு மோட்டரை நிறுத்திவிட வேண்டும். அடுத்த முறை சண்முகநாதனுடையது. இருவர் தோட்டத்துக்கும் ஒரே வாய்க்கால்தான் வந்து, கிணற்றடி முருங்கையின் கீழ் இரண்டாகப் பிரிகிறது. தன் முறையில் ஒருவர் மற்றவர் பக்கத்தை மண் வைத்து அடைத்துவிடுவார்.

போன முறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிட்டது. வழக்கமாக அப்படி விழுந்தால் அடுத்த நாள்காரர் ஒருவரோடு மாற்றிக்கொள்வார்; அதற்கு அன்றைய மற்ற முறைக்காரரான சண்முகநாதனும் ஓம் சொல்ல வேண்டும். ஆனால் சிமியோனும் சண்முகநாதனும் கதைத்துப் பதினொரு வருடம். மாற்றுவதெல்லாம் இன்னொரு பங்காளியான மரியரட்ணம் மூலம்தான். மரியரட்ணம் குடும்பத்தோடு மடுத் திருவிழாவுக்குப் போய்விட்டார். ஆகவே ஞாயிறு முறை போயிற்று; வெங்காயம் ஆறு நாளாகத் தண்ணீர் காணவில்லை. பருக்கத் தொடங்கிய நேரம், ஆவணி வெயில், செம்மண். நாற்பது பாத்தி. இன்று தவறவிட்டால் இனிச் சனிக்கிழமை. அதுவரை தாங்காது.

பதினொரு வருடக் கோபத்துக்குக் காரணம் ஒரு கலியாண அழைப்புக் காட். சிமியோனின் மகளுக்குக் கலியாணம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் போய், ஆளைக் கண்டு, கையில் கொடுத்துச் சொல்ல வேண்டும். சிமியோன் போனார்; வாசல் படலையில் நின்று கூப்பிட்டார்; ஒருவரும் வரவில்லை; காட்டைப் படலையில் செருகிவிட்டு வந்தார். சண்முகநாதன் வீட்டின் பின்வளவில்தான் நின்றாராம். கலியாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு கிணற்றடியில் இருவரும் எதிரெதிரே வந்தாலும் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். அந்த முருங்கையை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர்கள் யாழ்ப்பாணத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

காலை ஆறு மணிக்கு மோட்டர் போட்டார். மிரியம் மண் அள்ளி விளையாடும் செம்மஞ்சள் பிளாஸ்டிக் சவளோடு முன்னால் நின்றாள்.

"நானும் தண்ணி மாறப் போறன்."

தண்ணீர் மாறுவதென்றால் ஒரு பாத்தி நிறைந்ததும் வரம்பை வெட்டி அடுத்த பாத்திக்குத் திருப்புவது. இவளைப் பாத்திக்குள் விட்டால் வரம்பு மிஞ்சாது. சிமியோன் யோசித்தார். வெங்காயத்திலிருந்து நல்ல தூரம், நிழல், தாய்க்கும் இருக்க ஒரு கல்.

"நீர் உந்த முருங்கைக்குக் கீழை இருந்து விளையாடும். உது முக்கியமான இடம்."

அதைவிட உண்மையான வார்த்தையை அவர் அந்த வாரம் சொல்லவில்லை. சொன்னதை அவரே நம்பியிருந்தால் அன்று பிழைத்திருப்பார்.

எட்டரை வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. இருபத்தாறாவது பாத்தியில் நிற்கும்போது தண்ணீர் மெலிந்து, பிறகு நூல் போல வந்தது. மோட்டரில் ஏதோ பிழை என்று கிணற்றடிக்கு ஓடினார். முருங்கையைக் கடக்கும்போது பார்த்தார்: துஷாந்தினி தொலைபேசியில் ஒஸ்லோவோடு கதைத்துக்கொண்டிருந்தாள், மிரியம் குனிந்து மண்ணில் மும்முரமாக இருந்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆறு நாளில் முதல் தடவையாகப் பிள்ளை சத்தமில்லாமல் இருக்கிறது. கர்த்தருக்குத் தோத்திரம் என்று நினைத்துக்கொண்டு, கீழே பார்க்காமல் போனார்.

மோட்டரை நிறுத்தினார். குழாயை இழுத்து மேலே எடுத்து அதன் அடியிலுள்ள வடிகட்டி வலையைக் கழுவினார். அதில் ஒன்றும் இல்லை. திரும்பப் பூட்டி, போட்டார். நன்றாகத்தான் ஓடியது. தோட்டத்துக்குப் போனார். அதே நூல். மறுபடி வந்தார், மறுபடி குழாயைத் தூக்கினார், மோட்டரை ஒரு தட்டுத் தட்டினார், செய்தவனைத் திட்டினார். இப்படி ஒரு மணித்தியாலம் போயிற்று.

மூன்றாம் தரம் வரும்போது முருங்கைக்கு அந்தப் பக்கம் சண்முகநாதன் நின்றார். அடுத்த நாள் பிடுங்க இருந்த, தாள் சாய்ந்த வெங்காயத்தின் நடுவில், கணுக்கால் வரை சேற்றில்.

சிமியோன் அப்போதுதான் கீழே பார்த்தார். சண்முகநாதனின் பக்கத்து அடைப்பு நேர்த்தியாக வெட்டித் திறக்கப்பட்டிருந்தது. தன் பக்கம் பாதி அடைபட்டிருந்தது.

"பிள்ளை, உது ஆர் செய்தது?"

"நான்தான்," என்றாள் மிரியம். "இந்தப் பக்கத்துக்குத் தண்ணி போகேல்லை. நீங்கள் மட்டும் எடுக்கிறியள். ரெண்டு பக்கத்துக்கும் பங்கு குடுக்க வேணும். நேசரியிலை அப்பிடித்தான்."

"ஐயோ, அத்தான், நான் கவனிக்கேல்லை," என்றாள் துஷாந்தினி. பிறகு, தன்னைத் தடுக்க முடியாமல், "ஆனால் எவ்வளவு நல்ல மனம், என்ன?"

சிமியோன் மணிக்கூட்டைப் பார்த்தார். மணி ஒன்பதே முக்கால். பதினான்கு பாத்தி வறண்டு கிடந்தது. மண்வெட்டியால் அடைப்பைச் சரி செய்தார். பதினைந்து நிமிடத்தில் இரண்டு பாத்தி பாயும். மிச்சம் பன்னிரண்டு.

பிடுங்க இருக்கும் வெங்காயத்துக்குள், அழுகிப்போகக்கூடிய நேரத்தில், தண்ணீர் விட்டதற்கு ஒரு மனிதன் என்னவெல்லாம் சொல்லலாம் என்று சிமியோனுக்குத் தெரியும். தானாக இருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் சண்முகநாதன் குனிந்து ஒரு பிடி வெங்காயத்தை இழுத்தார். சுகமாகக் கழன்று வந்தது. மண்ணை உதறிப் பார்த்தார். பிறகு மிரியத்திடம் வந்தார்.

"குஞ்சு, உங்கடை பெரியப்பாட்டைச் சொல்லுங்கோ. நிலம் கல்லு மாதிரி இறுகிக் கிடந்தது. பிடுங்கிறதுக்குக் கொஞ்சம் நனைப்பமெண்டுதான் நானும் வந்தனான். நனைஞ்சிட்டுது. இண்டைக்கு எனக்கு இனித் தண்ணி தேவையில்லை."

மிரியம் சண்முகநாதனைப் பார்த்தாள். நாலு முழம் தள்ளி நின்ற சிமியோனைப் பார்த்தாள்.

"அவருக்குக் காது கேக்கும்," என்றாள்.

"கேக்கும். எண்டாலும் நீங்கள் சொல்லுங்கோ."

சிமியோனும் தன் பங்குக்குப் பிள்ளையிடம் குனிந்தார். "பிள்ளை, அவரிட்டைச் சொல்லும், மிச்சம் பன்னிரண்டு பாத்தி கிடக்கெண்டு."

மிரியம் சவளை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள்.

"எனக்கு வேலை கிடக்கு," என்றாள்.

மணி பத்தாகியது. சிமியோன் கிணற்றடிக்குப் போய் மோட்டர் சுவிச்சில் கை வைத்தார். முறை முடிந்துவிட்டது, நிறுத்தத்தான் வேண்டும். மடுவில் மரியரட்ணம் இந்நேரம் நிம்மதியாகப் பூசை கண்டுகொண்டிருப்பார். பன்னிரண்டு பாத்தி. அவர் முருங்கை மரத்தைப் பார்த்தார்.

"பன்னிரண்டு பாத்தி கிடக்கு," என்றார், மரத்துக்கு.

"இறையுமன்," என்றார் சண்முகநாதன், அதே மரத்துக்கு. "ஆர் வேண்டாமெண்டது?"

சிமியோன் சுவிச்சிலிருந்து கையை எடுத்தார். இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சண்முகநாதன் போகத் திரும்பியவர் நின்றார்.

"அண்டைக்கும் நான் பின்வளவிலைதான் நிண்டனான். வடிவாக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பன்."

"கூப்பிட்டனான்."

"ஒருக்காக் கூப்பிட்டனீர்."

"ரெண்டு தரம். கோயில்லை பாடுற குரலிலை."

"உம்மடை குரல் கோயில்லையும் கேக்கிறேல்லை எண்டுதான் சனம் சொல்லுது."

அதற்குப் பிறகு பன்னிரண்டு பாத்தியும் பாயும் வரை, ஒருவர் வெங்காயம் பிடுங்கிக்கொண்டும் ஒருவர் தண்ணீர் மாறிக்கொண்டும், வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று அந்தக் காட், அந்தப் படலை, அந்தக் கலியாணத்தின் சோறு, பதினொரு வருடத்தில் சொல்லாமல் விட்ட எல்லாவற்றையும் ஒன்றும் குறையாமல் பேசித் தீர்த்தார்கள். தீர்ந்ததா என்றால், இல்லை. தண்ணீர் மட்டும் கடைசிப் பாத்தி வரை போயிற்று.

பதினொன்றரைக்குச் சிமியோன் தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தார்.

"தோட்டத்திலை என்ன சத்தம்? ஆரோடை?" என்றாள் மனைவி பொன்மலர், அடுப்படியிலிருந்து.

"சண்முகநாதனோடை."

பொன்மலரின் அகப்பை நின்றது. "கதைச்சனீங்களோ?"

"கதைக்கேல்லை," என்றார் சிமியோன். "சண்டை பிடிச்சனான்."

அவள் அவருக்கு ஊற்றியதோடு இன்னொரு கோப்பையிலும் தேத்தண்ணீர் ஊற்றினாள். சண்முகநாதனிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி அதையும் அவர் கையிலேயே தந்தாள். படலையில் வைத்துவிட்டு வரக் கூடாதென்றும் சொன்னாள்.