நாலு வீட்டுக்கு ஒரு ஜோடிக் கம்பி

டெலிபோன் ஆபீசில் கம்பியைச் சரிசெய்கிறவர் ஒருத்தர், அதுக்குத் திட்டு வாங்குகிறவர் வேறொருத்தர். நான் ரெண்டாவது ரகம். உங்கள் வீட்டு போன் செத்துப்போய் நீங்கள் புகார் சொல்லக் கூப்பிட்டபோது, எதிரில் பேச்சே வரவில்லை என்றால், அது நானாகத்தான் இருக்கும். எனக்குச் சட்டென்று வாய் வராது.

ஜாதகத்தோடு போன நம்பர்

ஒரு வீட்டுக்கு ஒரு ஜோடி செம்புக் கம்பி வேண்டும். அடிக்கடி புகாரோடு வருகிற மரகதம் அக்காவின் தெருவுக்குப் போகிற கம்பி பழசு. நாலு வீட்டுக்கு நல்ல ஜோடி மூணுதான் மிச்சம். யாராவது ஒருத்தர் செத்த போனோடு இருந்தாகணும். இந்த முறை அக்கா. அவர் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன ஓரிக்கை ஊர் மாப்பிள்ளை வீட்டார் போனில் பதில் சொல்ல வேண்டிய நேரம். "செல்லுல பேசலாமேக்கா" என்று மெதுவாகச் சொன்னேன்.

"ஜாதகத்துல எழுதிக் குடுத்தது இந்த நம்பர்தாம்மா. நானே கூப்ட்டு, எம்பொண்ணு புடிச்சிருக்குதான்னு கேக்கச் சொல்றியா?"

பூட்டின வீடு

பக்கத்து வீட்டு பாஷா பாய் குடும்பத்தோடு ஆம்பூர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். லைன்மேன் தயாளன் அண்ணன் பாய் வீட்டு ஜோடியை அவிழ்த்து அக்காவுக்கு மாட்டிவிட்டார். பாய் வர ஒரு வாரம் ஆகும், அதுவரை தாங்கும் என்றார். பாய் ரெண்டே நாளில் வந்துவிட்டார். அவர் கத்தவேயில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"வூட்டைப் பூட்டிக்கினுதாம்மா போனோம். போனை வாடகைக்கு வுட்டுட்டுப் போகல."

ஒரே கம்பியில் ரெண்டு வீடு

அண்ணன் ரெண்டு வீட்டையும் ஒரே ஜோடியில் போட்டார். ஒரு வீடு பேசினால் இன்னொரு வீடு சும்மா இருக்கணும். மறுநாள் அக்கா மூச்சு வாங்க வந்து நின்றார்.

"பாயம்மா மககிட்ட போன்ல பிரியாணி சொல்லிக் குடுத்துக்கினு இருக்காங்க. இப்பதான் அரிசி ஊறுது. தம் போடற வரைக்கும் ஓரிக்கைக்காரங்க காத்துக்கினு இருப்பாங்களா?"

முடிச்சு

அப்புறம் மழை. மிஞ்சியது ஒரே ஜோடி. அண்ணன் லீவு. அக்காவின் வீட்டுக்காரர் ஏகாம்பரம் தறியில் அறுந்த இழை முடிகிறவர்; தெருமுனைப் பெட்டியைத் தானே திறந்துவிட்டார். நாலு வீட்டுக் கம்பியையும் அந்த ஒரே ஜோடியோடு நிறம் பார்த்து, வெள்ளையோடு வெள்ளை, நீலத்தோடு நீலம் என்று முடிந்துவிட்டார். ஆபீசிலிருந்து அக்கா நம்பரைச் சுற்றினேன். நாலு பேர் "அலோ" என்றார்கள். லீவில் இருந்த தயாளன் அண்ணன் சேதி கேட்டுப் பெட்டிக்கு ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டார். ஏகாம்பரம் அசரவில்லை.

"ஒரு இழையாவது தொங்குதா பாரு. உன் முடிச்சு மாதிரியா இது?"

பதில்

அண்ணன் அவிழ்ப்பதற்குள் ஓரிக்கையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா கூப்பிட்டுவிட்டார். நாலு வீட்டிலும் மணி அடித்தது, நாலு வீட்டிலும் எடுத்தார்கள், ஒருத்தரும் வைக்கவில்லை. "தங்கமான பொண்ணும்மா, என் கண்ணு முன்னால வளர்ந்துது" என்று பாயம்மா ஆரம்பித்திருக்கிறார். கடைசி வீட்டு அம்மா, "கோபம் மட்டும் கொஞ்சம் வரும்" என்றாராம். அக்காவுக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டார்.

"தெருவுல நாலு பேரை விசாரிக்கணும்னு நெனச்சிக்கினு இருந்தோம்மா. ஒரே போன்ல முடிஞ்சிடுச்சு. நிச்சயத்துக்கு நாள் பாருங்க."

நாலு வீடும் முன்பு ஆளுக்கொன்றாகக் கொடுத்த நாலு புகாரையும் இன்றைக்கே தீர்க்கச் சொல்லி மேலதிகாரி என்னைக் காய்ச்சுகிறார், கல்யாணம் ஆகிறவரை அந்த முடிச்சை யாரும் அவிழ்க்கக் கூடாது என்று நாலு வீடும் சேர்ந்து அஞ்சாவதாக ஒரு புகார் கொடுத்திருக்கிறது.